ராணியின் கடைசிப் பாட்டு

திருச்செங்கோடு பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்ததும் ஜெர்ரி முதல் காரியமாக அந்தக் கடிதத்தைத்தான் பிரித்தார். எட்டு மாதம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கியது. மடியில் மனைவி பிரின்சி கட்டிக்கொடுத்த பை இருந்தது. அரக்கு நிறப் பட்டுப்புடவை, மல்லிகைப்பூ, ஒரு டஜன் கண்ணாடி வளையல்.

ஜெர்ரி சேலம் சூரமங்கலத்தில் ரயில்வே குமாஸ்தா. ஆபீஸ் நேரம் போக, இறந்துபோன நாடக ஆசிரியர் கைலாசத்தின் வாழ்க்கையை எழுதிக்கொண்டிருந்தார். அந்த மனிதரின் பேர் ஒரு புத்தகத்திலாவது நிற்க வேண்டும் என்று பிடிவாதம். கூட வேலை பார்ப்பவர்கள் அதற்கு வைத்த பேர் பைத்தியம்.

கைலாசத்தின் நாடகங்களில் ராணி வேஷம் கட்டியவர் மல்லசமுத்திரம் மாரியாயி. போன் என்றால் அவருக்கு ஆகாது. கடிதம் போட்டால் வாரம் தவறாமல் பதில் வரும். நாடகக் குழு எந்த ஊரில் பட்டினி கிடந்தது, கைலாசம் யாரிடம் கோபித்துக்கொண்டு போனார், குழுவில் ஆர்மோனியம் வாசித்த தன் கணவர் தங்கமுத்து அந்தப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பரமத்தி வேலூரில் எப்படிக் காவிரியைக் கடந்தார், எல்லாம் எழுதினார்.

ஒன்றே ஒன்றுதான் எழுதவில்லை. ராஜா செத்ததும் ராணி அழுது பாடும் கடைசிப் பாட்டு. கைலாசம் அதை நோட்டில் எழுதி வைக்கவே இல்லை, வாயால் சொல்லிக்கொடுத்ததோடு சரி. மாரியாயிக்கு ஒன்று ஆகிவிட்டால் பாட்டும் அவரோடு போய்விடும்.

"பாடினாத்தானுங்க எனக்கு வரி வரும். மேடையில பாடறது வேற, ஊட்டுல பாடறது வேற. அதை மட்டும் கேக்காதீங்க சாமி" என்று பதில் வந்தது.

கூச்சம் என்று நினைத்தார் ஜெர்ரி. அப்புறம், பிகு பண்ணுகிறார் என்று நினைத்தார். விடாமல் எழுதினார். "எத்தனை நாளானாலும் காத்திருக்கிறேன் அம்மா. நீங்கள் பாடும் நாள் சீக்கிரம் வர வேண்டும் என்று தினமும் ஜெபம் செய்கிறேன்."

நேற்று வந்துவிட்டது. நாற்பத்திரண்டு வரி. படித்துவிட்டு வாய்விட்டு அழுதார் மனிதர்.

பஸ்ஸில் மறுபடி படித்தபோது ஒரே ஒரு இடம் இடித்தது. 'பெட்டி தொட்ட பத்து விரலும் பேச்சடங்கிப் போச்சே ராசா.' ராஜாவுக்கு ஏது பெட்டி? வயசாகிவிட்டது, பாவம், ஞாபகம் பிசகியிருக்கும் என்று பென்சிலால் பெட்டியை அடித்து, வாள் என்று திருத்தினார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும்கூட.

மல்லசமுத்திரத்தில் இறங்கி விலாசம் கேட்டதும் டீக்கடைக்காரர் மறுபேச்சில்லாமல் வீட்டைக் காட்டினார். கதவைத் தட்டினதும் மாரியாயியே வந்து நின்றார். ராணி வேஷம் கட்டிய உடம்பா இது என்று ஜெர்ரிக்கு மனசு கஷ்டப்பட்டது.

"சேலத்துலேருந்து ஜெர்ரி வந்திருக்கேம்மா."

"வாங்க சாமி. தபாலு வந்துருச்சுங்களா?"

"வந்துச்சும்மா. என் ஜெபம் வீண்போகல." புடவையை எடுத்து, அதன் மேல் பூவையும் வளையலையும் வைத்து இரண்டு கையாலும் நீட்டினார். "என் சம்சாரம் குடுத்துவிட்டா. வேண்டாம்னு சொல்லக் கூடாது."

மாரியாயி கை நீட்டவில்லை. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, பூவையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எதுக்கும்மா தயங்கறீங்க? இத்தனை மாசமா வராத பாட்டு இப்ப எப்படி வந்துச்சு, அதைச் சொல்லுங்க. புத்தகத்துல போடணும்."

"நல்லாருக்கற ஊட்டுல அதைப் பாடக் கூடாதுங்க சாமி" என்றார் மாரியாயி. "போன செவ்வாக்கெழமதான் எங்கூட்டுக்காரர எடுத்தோம்."