இடப்பக்கம் இழுத்த வண்டி

சேறு காய்ந்து வெடித்துப்போயிருந்த பிக்கப் வண்டியைப் பட்டறைக்குள் இறக்கிவிட்டு இழுவை வண்டி கிளம்பியதும், நூல்காரர் கைவேலையை நிறுத்திவிட்டு வாசலைப் பார்த்தார். பின்னாலேயே வாடகைக் காரில் இரண்டு பேர் வந்து இறங்கினார்கள். ஒருத்தி, வண்டியோடு ஏரிக்குள் போய்ச் செத்தவனின் மனைவி. மற்றவர் அவனைப் பெற்றவர்.

"வந்துட்டாங்க" என்று நூல்காரரின் மனைவி கல்லாவிலிருந்து எழுந்து வந்து காதோரம் சொன்னாள். "என்ன கேட்டாலும் வாயத் திறக்காதீங்க. தப்புன்னு ஒரு வார்த்தை வந்துச்சோ, நம்ம பிழைப்புல மண்ணு விழுந்துடும்."

நூல்காரர் என்பது டிரைவர்கள் வைத்த பெயர். சக்கரக் கோணத்தை அளக்கும் இயந்திரம் வாங்குவதற்கு முன்பு சக்கரத்துக்குச் சக்கரம் நூல் கட்டிப் பார்த்து வண்டிகளை நேர்படுத்தியவர். அவர் கை பட்ட வண்டி, ஸ்டியரிங்கை விட்டுவிட்டுத் தூங்கினாலும் நேராக வீட்டுக்குப் போய்விடும் என்று கொஞ்சம் கூட்டியே சொல்வார்கள். அந்தப் பேரில்தான் அடுப்பு எரிந்தது.

செத்தவன் கல்குவாரிக்கு வண்டி ஓட்டியவன். பாதையில் அடி தட்டுகிறது, முன்பக்கத்தை இரண்டு இஞ்ச் தூக்கிக் கொடுங்கள் என்று வந்தான். தூக்குவது பெரிய வித்தையில்லை. ஆனால் தூக்கியதும் முன்சக்கரங்கள் நிற்கிற சாய்வு மாறிவிடும், வண்டி ஒரு பக்கமாக இழுக்கத் தொடங்கும். சக்கரங்களை மறுபடி நேர்படுத்தி, அது கலையாதபடி ஸ்டியரிங் ராடின் லாக் நட்டை இறுக்கித்தான் அனுப்ப வேண்டும்.

அன்றைக்குப் பட்டறையில் ஈ மொய்த்த மாதிரி கூட்டம். நேர்படுத்தியது நினைவிருக்கிறது. நட்டை முறுக்கினோமா என்பதுதான் மண்டையை உடைத்துக்கொண்டாலும் பிடிபடவில்லை. மறுநாளே வண்டி ஏரிக்கரை ரோட்டில் இடப்பக்கமாக இறங்கிவிட்டது என்று கேள்விப்பட்டதிலிருந்து மனிதருக்குச் சோறு இறங்கவில்லை.

வந்தவள் கத்தவில்லை. சட்டையைப் பிடிக்கவும் இல்லை.

"வண்டி இடது பக்கம் இழுத்திருக்குமான்னு பாத்துச் சொல்லுங்கண்ணே. சரிவுல மெதுவா இறங்கித் தண்ணிக்குள்ள போயிருக்கு. எங்கேயும் இடிக்கல. முன்பக்கம் அப்படியேதான் இருக்கு."

"பாக்குறேம்மா."

"நல்லாப் பாருங்க. கண்டிப்பா ஏதாவது இருக்கும்."

மாமனார் உள்ளே வரவில்லை. கேட்டருகே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வண்டியைப் பார்க்கவில்லை, மருமகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நூல்காரர் சேற்றைக் கழுவினார், டயர்களுக்குக் காற்றடித்தார், வண்டியைக் குழிக்கு மேலே நிறுத்திச் சக்கரங்களில் அளக்கும் இயந்திரத்தின் கவ்விகளை மாட்டினார். நட்டைத் தொட்டுப் பார்க்கத் தைரியமில்லாமல் முதலில் திரையைப் பார்த்தார். கோணலாக இருந்தால் எண்கள் சிவப்பில் வரும். ஒவ்வொன்றாகப் பச்சையில் வந்தன. இடது, வலது, எல்லாமே பச்சை.

நம்பிக்கையில்லாமல் குழிக்குள் இறங்கினார். இரண்டு நட்டிலும் ஸ்பானரைப் போட்டு உன்னிப் பார்த்தார். அசைந்து கொடுக்கவில்லை. முறுக்கித்தான் இருக்கிறோம், நன்றாகவே முறுக்கியிருக்கிறோம்.

அங்கேயே குந்தி உட்கார்ந்து, எண்ணெய்க் கையென்றும் பாராமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். போன உயிர் போனதுதான், ஆனால் தன் கையால் போகவில்லை. மேலேயிருந்து எட்டிப் பார்த்த மனைவியிடம் தலையாட்டினார். அவள் நெஞ்சில் கைவைத்து மூச்சு விட்டாள்.

படியேறி வந்து சொல்ல வாயெடுப்பதற்குள், அந்தப் பெண் கிட்டத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"இழுத்திருக்கு, இல்லண்ணே?"

அவர் திரையைத் திரும்பிப் பார்த்தார்.

"நேர் ரோடு, நடுப்பகல். பிரேக் போட்ட தடமே இல்லையாம். தூங்கியிருப்பாருன்னு சொன்னா யாரும் நம்பல. முந்தின நாள் எங்களுக்குள்ள சண்டை. நானும் வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். நான் பேசின பேச்சு தாங்காமத்தான் அவராவே வண்டிய ஏரில விட்டுட்டாருன்னு மாமா எல்லார்கிட்டயும் சொல்றாரு. எம்பொண்ணு அதக் கேட்டுக் கேட்டு, இப்ப என் பக்கத்துல படுக்கக்கூட மாட்டேங்குது."

நூல்காரர் கையிலிருந்த எண்ணெயைத் துணியில் துடைத்தார். கொஞ்சம் முன்பு சந்தோஷப்பட்டதை நினைத்து அவருக்கே அவர்மேல் வெறுப்பு வந்தது.

"இழுக்கலன்னாலும் உள்ளதச் சொல்லிடுங்க" என்றாள் அவள். "இழுக்கலன்னு தெரிஞ்சுட்டா, அதுக்கப்புறம் அந்த வீட்டுல எனக்கு என்ன இருக்கு."

கேட்டருகே நின்றவருக்குப் பொறுமை போய்விட்டது. விறுவிறுவென்று உள்ளே வந்தார். டயர் மாற்றக் காத்திருந்த டிரைவர்களும் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள்.

"இவ ஒருத்தி, ஒண்ணுமில்லாத வண்டியக் கட்டி இழுத்துக்கிட்டு அலையுறா. நீயே சொல்லுய்யா, வண்டில கோளாறு உண்டா இல்லையா?"

"அட, ஒரு கோளாறும் இல்லீங்கய்யா" என்று நூல்காரரின் மனைவி முந்திக்கொண்டு ஓடி வந்தாள். "எங்க வீட்டுக்காரர் இப்பத்தான் பாத்தாரு..."

நூல்காரர் கையை நீட்டித் திரையை அணைத்தார். கடைசியில் நிற்கிற டிரைவர் வரைக்கும் கேட்கிற மாதிரி குரலை உயர்த்திச் சொன்னார்.

"இடது பக்க நட்டை முறுக்காம விட்டது நான்தாங்கய்யா."