மூன்று நாள்

"மாதவிலக்கு நோவு மாசத்திலை எத்தினை நாள்?"

ஆராய்ச்சிப் படிவத்தைப் பார்த்துத் தாதி குணலட்சுமி கேட்டாள். உரும்பிராய்க் கிளினிக்குக்கு வரும் எல்லாப் பெண்களிடமும் ஒரே கேள்வியை ஒரே சொல்லில் கேட்க வேண்டும் என்பது டொக்டரின் கண்டிப்பு.

"எல்லாருக்கும் வாறதுதானே மிசி. மூண்டு நாள்," என்றாள் சிவபாக்கியம்.

இதுவரை ஐம்பது படிவம், ஐம்பதிலும் மூன்று.

கதவடியில் சிவபாக்கியத்தின் கணவன் அருளம்பலம் நிலைகொள்ளாமல் நின்றான். குணலட்சுமி அவனை ஓரக்கண்ணால் கவனித்தாள். நேற்று ஒருத்தியின் புருசன், "என்ரை மனுசியிட்டை உதெல்லாம் கேக்கிறதோ?" என்று படிவத்தைக் கிழித்தெறிந்திருந்தான்.

மனைவி மருந்தெடுக்கப் போனதும் அருளம்பலம் உள்ளே வந்தான். குணலட்சுமி படிவங்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"மிசி, அவ பொய் சொல்லிப்போட்டா." மடித்த கலண்டர் ஒன்றை நீட்டினான். "வீட்டிலை சாமி விளக்குக் கொளுத்திறது அவதான். நான் கொளுத்தின நாளுக்கெல்லாம் புள்ளி போட்டிருக்கிறன். துடக்கெண்டு அவ விளக்குத் தொடாதது நாலு நாள். மிச்சமெல்லாம் அவ நோவிலை எழும்பேலாமல் கிடந்த நாள்."

அந்த மாதத்தில் பதின்மூன்று புள்ளிகள் இருந்தன.

குணலட்சுமி கலண்டரோடு டொக்டரிடம் ஓடினாள். படிவத்தில் ஒரு கேள்வி கூடியது.

அடுத்து வந்தவளும் தயங்காமல் "மூண்டு நாள்" என்றாள்.

"மாசத்திலை எத்தினை நாள் வீட்டிலை வேறை ஆள் விளக்குக் கொளுத்திறது?"

அவள் விரல் மடக்கி எண்ணத் தொடங்கினாள். பத்து விரலும் மடங்கிய பிறகு, நிமிர்ந்து குணலட்சுமியின் கைகளைப் பார்த்தாள்.