எல்லோருக்குமான பந்தி

கொரிந்து பட்டணத்தில் விளக்கு வைக்கும் நேரம். கர்த்தருடைய பந்திக்காகச் சபை கூடும் தன் வீட்டுக் கூடத்தில், மீன்முள் குவிந்த தட்டை மெத்தைக்கு அடியில் காலால் தள்ளுகிறார் லிசியாஸ். சாயப்பட்டறை அடிமைகள் வர நேரமாகும் என்று அவரும் வசதியுள்ள சகோதரர்கள் மூவரும் முன்பே சாப்பிட்டு முடித்துவிட்டார்கள். மிச்சம் ஒரே ஒரு ரொட்டி. வாசலில் வந்து நிற்கிறாள் சோசிமே. முழங்கை வரை நீலச் சாயம், உதட்டில் காய்ந்த ரத்தம். பட்டறையில் தலை நிமிராதவளுக்கு இப்போது குரல் கணீரென்று வருகிறது. “சந்தையில நின்னு பேசிட்டேண்ணே! ஆவியானவர் என்னைச் சும்மா இருக்க விடல. ‘எங்க சபையில எஜமானும் அடிமையும் ஒண்ணா உக்காந்துதான் சாப்புடுவோம், ஒருத்தரும் பசியோட திரும்புறதில்ல’ன்னு கத்துனேன். ‘பொய் சொல்றியாடி’ன்னு அடிச்சாங்க. அடிக்க அடிக்க இன்னும் சத்தமாச் சொன்னேன்.” சிரிக்கிறாள். அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து அந்நியர் இருவர் தயங்கித் தயங்கி எட்டிப் பார்க்கிறார்கள். “பாக்கணும்னு கூடவே வந்துட்டாங்க. நீங்களே சொல்லுங்கண்ணே, நான் சொன்னது நெசந்தானே?” சகோதரர்கள் மூவரும் தரையைப் பார்க்கிறார்கள். ‘ஆமாம்மா’ என்று சொல்ல லிசியாஸ் வாயைத் திறக்கிறார். மீன் வாடை முந்திக்கொண்டு வருகிறது.