தற்காலிக சபாநாயகர்

காட்டின் புதிய நாடாளுமன்றம் முதன்முதலாகக் கூடியது. சபாநாயகர் பதவிக்குக் கீரியும் எருமையும் போட்டி போட்டன. உறுப்பினர்கள் எல்லோரும் உறுதிமொழி எடுத்த பிறகுதான் தேர்தல். அதுவரை வயதில் மூத்தவர் தற்காலிக சபாநாயகராக இருப்பது காட்டு வழக்கம். அதனால் ஆமை நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.

நத்தை மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.

"ஒரு நத்தைக்காகக் காடே காத்துக் கிடக்கணுமா? ஓட்டெடுப்பைத் தொடங்குங்க ஐயா!" என்று கத்தியது கீரி.

"அவரும் உறுப்பினர்தானேப்பா," என்றது ஆமை.

மத்தியானம் ஆன பிறகு நத்தை வந்து உறுதிமொழி எடுத்தது. ஓட்டெடுப்பு நடந்தது. கீரிக்கும் எருமைக்கும் சரிசமமாக ஓட்டு விழுந்தது. நத்தை மட்டும்தான் பாக்கி.

"கொஞ்சம் யோசிச்சுச் சொல்றேனே," என்றது நத்தை.

"அவசரமே இல்லீங்க, நிதானமா யோசிங்க!" என்ற கீரி, ஓடிப்போய் ஒரு தளிர் இலையைப் பறித்து வந்து நத்தையின் முன்னால் வைத்தது. எருமை, நத்தை மேல் வெயில் படாமல் மறைத்துக்கொண்டு நின்றது.

நாற்காலியை விட்டு இறங்குவதற்காக ஒரு காலை நீட்டியிருந்த ஆமை, அதை மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டு சுகமாகக் கண்ணை மூடியது.