முந்திக்கொண்ட குழு

பெயின்ட் டப்பாக்களோடு வேனிலிருந்து இறங்கிய சபை ஊழியக் குழு, குடிசைப் பகுதிப் பள்ளியின் சுவரைப் பார்த்துத் திகைத்து நின்றது. வருடாவருடம் அவர்கள் நீலம் பூசும் சுவர், ஏற்கெனவே பளபளத்தது.

"யாரும்மா பூசினது?" என்றார் போதகர்.

"ஒரு குழு உங்களுக்கு முந்திக்கிச்சு ஐயா," என்றாள் டீச்சர்.

"எந்தச் சபை?"

"பேரே சொல்லலை. போட்டோகூட எடுத்துக்கலை."

போதகரின் முகம் சுருங்கியது. "இருபது பேரைக் கூட்டிட்டு வந்திருக்கேன். வேற வேலை சொல்லுங்க."

"டாய்லெட்டுக்குக் கதவு இல்லை ஐயா. பெரிய பொண்ணுங்க மதியம் வீட்டுக்குப் போனா திரும்பறதில்லை. உங்க சபைக்கு மூணு லெட்டர் போட்டேன்."

"அது எங்க திட்டத்துல இல்லையேம்மா."

"அப்போ வேன்லயே உக்காந்து பாட்டுப் பாடிட்டுப் போங்க."

குழுவில் ஒருவர் சிரித்துவிட்டார். அவர் தச்சர். சாயங்காலத்துக்குள் தாழ்ப்பாளோடு கதவு நின்றது.

வேன் தெருமுனை திரும்பியதும், டீச்சரும் ஏழு தாய்மாரும் நகக்கண்ணில் ஒட்டியிருந்த நீலத்தை மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்தார்கள்.

"போன வருஷம் அவங்க விட்டுட்டுப் போன பெயின்ட் தீர்ந்துடுச்சு டீச்சர்," என்றாள் ஒருத்தி.

"இன்னைக்குப் பத்து டப்பா விட்டுட்டுப் போயிருக்காங்க. அடுத்த வருஷம் கூரை."