பதினான்காம் புள்ளி

“வயல்ல கால வச்சுப் பாத்தீகளா சார்?”

சத்தியப்பிரியா போட்ட சத்தத்தில் பயிர்க் காப்பீட்டு அலுவலகமே திரும்பிப் பார்த்தது.

பார்க்கட்டுமே. கல்லல் பக்கத்தில், இதோ பின்னால் நிற்கும் அவள் அப்பா தங்கச்சாமியின் மூன்று ஏக்கர் நெல்லும் கதிர் விடும் முன்பே கருகிப் போய்விட்டது. இழப்பீடு வராவிட்டால், ஐம்பத்தெட்டு வயதில் அவர் திருப்பூருக்கு வாட்ச்மேன் வேலைக்குக் கிளம்ப வேண்டியதுதான்.

இவர்களோ, செயற்கைக்கோள் படத்தில் உங்கள் ஊர்ப் பயிர் பச்சையாக இருக்கிறது, இழப்பீடு கிடையாது என்கிறார்கள்.

பச்சையாம் பச்சை! அது சீமைக்கருவேலம். மழை பொய்த்தாலும் அந்தச் சனியன் மட்டும் செழித்து நிற்கும்.

காரைக்குடியில் அவள் படிப்பது கணிதம்; கூடவே துணைப்பாடமாக, செயற்கைக்கோள் படங்களைப் படித்தறியும் புவியிடத் தொழில்நுட்பம். மேலிருந்து பார்த்தால் நெல்லும் கருவேலமும் ஒன்றுபோலத்தான் தெரியும், நேரில் போய்ப் பார்த்து இன்னதென்று எழுதினால்தான் படத்துக்கு மதிப்பு. முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்த பாடம்.

எவனோ ஒரு சோம்பேறி, உட்கார்ந்த இடத்திலேயே எழுதித் தொலைத்திருக்கிறான். நினைக்க நினைக்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதையும் வாய்விட்டே சொன்னாள்.

அதிகாரி கோபப்படவில்லை. கோப்பிலிருந்து ஒரு தாளை உருவி அவள் பக்கம் நகர்த்தினார். மார்கழியில் கல்லூரிப் பிள்ளைகளை வைத்துச் செய்த களச் சரிபார்ப்பு.

ஊர்ப் பெயரே இல்லை. இருபது புள்ளிகள், ஒவ்வொன்றுக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் மட்டும். உங்கள் ஊர் இதுதான் என்று பதினான்காம் புள்ளியைப் பேனாவால் தொட்டுக் காட்டினார். எதிரே, ‘நெல், நல்ல நிலை’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அதை வைத்துத்தான் ஊர் முழுக்கப் பச்சை என்று கணினி முடிவு கட்டியிருக்கிறது.

அவளுடைய கையெழுத்து.

அன்று களத்துக்குப் போகப் பேருந்து வரவில்லை. கேன்டீனில் பஜ்ஜி தின்றுகொண்டே, லேப்டாப்பில் படத்தைப் பார்த்து இருபதையும் ஒரே மூச்சில் எழுதிக் கொடுத்துவிட்டாள். வகுப்பில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் செய்தார்கள். பத்துக்கு ஒன்பது மதிப்பெண்ணும் வந்தது.

தங்கச்சாமிக்கு ஆங்கிலம் வராது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மகளின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

“கீழ பேரு போட்டிருக்குல்ல தாயி? எந்தப் பயன்னு வாசி. இப்பவே போயி அவன் வீட்டு வாசல்ல உக்காந்துர்றேன்.”