முதல் பிடி

பனியன் கம்பெனி மூடிய மறுமாதம் என் மாவு மில்லில் திடீரென்று மரியாதை பெருகியது. அதுவரை வரிசைக்கு அடித்துக்கொண்ட பெண்களெல்லாம், "நீங்க மொதல்ல போடுங்கக்கா", "அட, நீ போடு கண்ணு" என்று ஒருவரையொருவர் உபசரித்தார்கள். தூக்குகளை எட்டிப் பார்த்ததும்தான் விளங்கியது. எல்லாவற்றிலும் அரைக் கிலோ கோதுமை. காலையில் முதலில் போடுகிறவருடைய மாவில் ஒரு பிடியை மெஷின் தன் வயிற்றுக்குள் வைத்துக்கொள்ளும்.

இன்று காலை மில்லைத் திறந்தபோது வரிசையின் கடைசியில் ஜெயக்கொடி நின்றாள். ஒருகாலத்தில் பெரிய சண்டைக்காரி. தூக்கு காலியாக இருந்தது.

"என்னம்மா அரைக்கணும்?"

"மில்லு சாத்தறப்ப மெஷினத் தட்டுவீங்கல்லங்ணா, அதுல விழுகுற மாவுக்கு நிக்கறேன்."

வரிசையில், "நாந்தான் மொதல்ல போடுவேன்" என்று பழையபடி சண்டை ஆரம்பித்தது.